பாஸான பாத்ரூம்

பிளம்பர் எல்போ போட்ட பாத்ரூம் ஆய்வில் ஃபெயில் ஆனதாகச் சரித்திரமே கிடையாது. வீடுகளில் போடும் சாதாரணப் பாத்ரூம் இதில் சேராது. அதற்கு யார் வந்து பாஸ் போடப் போகிறார்கள்? அலுவலகம், கடை, ஆஸ்பத்திரி என்று நாலு பேர் வந்துபோகும் கட்டடங்களில் நடக்க முடியாதவர்களுக்கென்று தனியாக ஒரு பாத்ரூம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததே, அந்தப் பாத்ரூமில்தான் எல்போ பெயர் வாங்கினார்.

சட்டம் வந்த மறுமாதமே ஊரிலிருந்த முதலாளிகளுக்கெல்லாம் மாற்றுத்திறனாளிகள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. சக்கர நாற்காலிப் படம் போட்ட நீல ஸ்டிக்கரை முதலில் வாங்கிவிட்டு, அதை ஒட்டுவதற்கு ஒரு கதவு தேடியவர்கள் உண்டு. கதவு அகப்பட்டதும், அதற்குப் பின்னால் ஏதாவது இருந்தாக வேண்டுமே என்ற கவலை வரும். அப்போது எல்போவுக்குப் போன் அடிப்பார்கள்.

எல்போவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, ஆறு பை வைத்த கால்சட்டை, காதில் பென்சில். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு நேராகப் பதினைந்தடி பைப் இழுக்கச் சொன்னதற்கு, அங்கே வளைத்து இங்கே வளைத்துப் முழங்கை மாதிரி மடங்கிய ‘எல்போ’ இணைப்பு பதினான்கு மாட்டிவிட்டார். தண்ணீர் வந்து சேர்வதற்குள் வீட்டுக்காரர் முகம் கழுவாமலே ஆபீஸ் போய்விட்டார் என்று மேஸ்திரி சொன்னது கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு கைவேலையில் மனிதர் கெட்டிக்காரர் ஆகிவிட்டார். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. ‘முடியாது’ என்ற சொல் அவர் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் ‘பண்ணிடலாம் சார்’ என்பார். “இவரை யாராவது ரோட்டுல இடிச்சுட்டுப் போனாக்கூட, இன்னொரு தடவை இடிக்கணுமா சார், பண்ணிடலாம்னு நிப்பாரு” என்பாள் மனைவி.

முதல் நீல ஸ்டிக்கர் பாத்ரூமை எல்போ நியாயமாகத்தான் ஆரம்பித்தார். கமோடுக்குப் பக்கத்தில், பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு ஸ்டீல் கம்பி வைக்க வேண்டும். சுவரோ செங்கல் இல்லை. தகரச் சட்டத்தின் மேல் ஜிப்சம் போர்டு அடித்த தடுப்பு. தட்டினால் டொம் டொம் என்னும். அதில் அப்படியே ஸ்க்ரூ முடுக்கினால் துண்டு தொங்கும், ஆள் தொங்க முடியாது. போர்டைப் பிரித்து, உள்ளே கனமான பலகையைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, அந்தப் பலகையில்தான் கம்பியை மாட்ட வேண்டும். இரண்டு நாள் வேலை. எல்போ இதைச் சொன்னதும் கான்ட்ராக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“யோவ், அதைப் பிடிக்கப் போறது யாரு?”

“கால் முடியாதவங்க சார்.”

“இந்த ஆபீஸ்ல அப்படி யாராவது இருக்காங்களா?”

“இல்ல சார்.”

“வாசல்ல எத்தனை படி?”

“ஏழு சார்.”

“அப்புறம் யாருய்யா ஏறி வந்து பிடிக்கப் போறா? நாளைக்கு ஆய்வாளர் வர்றாரு. சுவத்துல கம்பி இருக்கணும். அவ்வளவுதான்.”

“பண்ணிடலாம் சார்” என்றார் எல்போ. ஓட்டையில் செருக நாலு பிளாஸ்டிக் பிளக், நாலு ஸ்க்ரூ, இருபது நிமிஷம். முடிந்தது.

மறுநாள் ஆய்வாளர் டேப்போடு வந்தார். கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம், சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி என்று அளந்து அளந்து எழுதினார். படிவத்தில் இருபத்துமூன்று கேள்விகள் இருந்தன. கம்பி ஆளைத் தாங்குமா என்ற கேள்வி மட்டும் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் மேலிடத்தில் கோபித்துக்கொள்வார்கள் அல்லவா? டீ குடித்துவிட்டுப் பாஸ் போட்டார். பாத்ரூம் கட்டுவது உட்காருகிறவருக்காக இல்லை, அளக்கிறவருக்காக என்பது எல்போவுக்கு அன்றே புரிந்துவிட்டது.

அப்புறமென்ன, ஏழெட்டு வருடத்தில் நாற்பத்தொரு பாத்ரூம். நாற்பத்தொன்றும் பாஸ். ‘எல்போவைக் கூப்பிடு, ஒரே தடவையில பாஸாயிடும்’ என்று தெருத் தெருவாகப் பேச்சு. பாஸான மறுநாளிலிருந்து அந்தப் பாத்ரூம்கள் வேறு வேலைக்குப் போய்விடும். ஒன்றில் உடைந்த பிரின்டர்கள் அடுக்கியிருந்தன. ஒன்றில் காவலாளி சட்டை மாற்றிக்கொள்வார். ஒன்றில் மானேஜரின் சைக்கிள் நின்றது. இரண்டு சக்கரம் உள்ள ஒன்றாவது உள்ளே போயிற்றே என்று வேண்டுமானால் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் எப்படிக் கட்ட வேண்டும் என்று எல்போவுக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். சரியான பாத்ரூம் ஒன்று அவர் வீட்டிலேயே இருந்தது.

மனைவியின் தங்கை அவர்களோடுதான் இருந்தாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். வயது முப்பத்தாறு. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் இடுப்புக்குக் கீழே இருந்த பலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. “காலுல எடுத்ததை எல்லாம் வாயில கொண்டுவந்து வச்சுட்டுப் போயிடுச்சு” என்பாள் அக்காக்காரி. அவளுக்காக எல்போ கட்டிய பாத்ரூமில் சக்கரத்தைத் தடுக்கும் வாசற்படி கிடையாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். வாஷ் பேசினுக்குக் கீழே கால் கிடையாது. நாற்காலியோடு போனால் முழங்கால் உள்ளே நுழையும். கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாக போல்ட் போட்டு இறக்கியபின், எல்போ இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு அதில் தொங்கிப் பார்த்தார். போதாது என்று மனைவியையும் தொங்கச் சொன்னார். எட்டு வருடமாகச் சின்னவள் அதைப் பிடித்துத்தான் எழுந்து உட்காருகிறாள். கம்பி ஒரு மயிரிழை அசையவில்லை. வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று இரண்டு நியாயத்தையும் ஒரே பையில் போட்டுச் சுமந்துகொண்டு திரிந்தார் மனிதர்.

சின்னவள் படித்தவள். போனில் பேசினால் கோபமாக இருப்பவர் சிரித்துவிட்டு வைப்பார். ஆனால் வேலை நிலைக்கவில்லை. முதல் வேலையில் பாத்ரூமுக்கு முன்னால் இரண்டு படி இருந்தது. இரண்டே இரண்டு படிதானே, யாராவது தூக்கிவிடுவோம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு ஆண்களைக் கூப்பிட்டு, எனக்கு அவசரம், தூக்குங்கள் என்று சொல்ல எந்தப் பெண்ணால் முடியும்? நாலாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இரண்டாவது வேலையை விட மனசில்லாமல் வேறு வழி செய்தாள்: காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறரை வரை தண்ணீரே குடிக்கவில்லை. எட்டு மாதம் ஓடியது. ஒன்பதாம் மாதம் குளிர்க்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் கிடந்தாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் கிட்னி தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதோடு இரண்டு வருடம் வீட்டில். எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி பாத்ரூம் எப்படி என்பதுதான். அந்தப் பக்கம் போன் கட்டாகிவிடும்.

ஒரு புதன்கிழமை மாலை எல்போ வேலை முடிந்து வந்தபோது, சின்னவள் நடுக்கூடத்தில் நாற்காலியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் காட்டினாள். வேலை கிடைத்துவிட்டது. துணி துவைக்கும் மெஷின் விற்கும் கம்பெனியில், புகார்ப் பிரிவு. திங்கட்கிழமை சேர வேண்டும்.

“பாத்ரூம் எப்படிடி?” என்று அக்காக்காரி பயத்தோடு கேட்டாள்.

“நம்ம மாமா போட்டதுதான் அக்கா! அந்தக் கண்ணாடிக் கட்டடம், நாலாவது மாடி. வாசல்ல படி இல்ல, லிஃப்ட் இருக்கு. மாமா கை வச்சதுன்னா நமக்கென்ன பயம்? யோசிக்காம சரின்னுட்டேன். நம்ம வீட்டுல இருக்கற மாதிரிதானே மாமா அங்கயும் போட்டிருப்பீங்க?”

எல்போவின் வாயில் இருந்த டீ உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

“அது... ஆமாம்மா. போட்டிருக்கேன்.”

அங்கேயும் அதே நாலு பிளாஸ்டிக் பிளக். ஜிப்சம் போர்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, இருபது நிமிஷத்தில் முடுக்கியது. எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. சின்னவளின் எடை ஐம்பத்தெட்டுக் கிலோ. ஆஸ்பத்திரியில் அவர்தான் தூக்கிப் படுக்க வைத்தார். அவள் அந்தக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கியதும் போர்டு பிய்ந்து கம்பி கையோடு வரும். பேசின் விளிம்பில் தலை இடிக்கும். சொல்லிவிடலாம் என்றால், இந்த வேலையும் போய்விடும். இனி எந்த வேலைக்கும் அவள் போகவே மாட்டாள். சொல்லாமல் விட்டால் திங்கட்கிழமை விழுவாள். எல்போ பயந்துபோனார். அதைவிட, வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

வியாழன் காலை முதல் வேலையாக அந்தக் கட்டடத்துக்குப் போய்ப் பராமரிப்பு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரிக்குப் பின்னால் சுவரில் அந்தப் பாத்ரூமின் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்கு மேலே தனியாக ஒரு விளக்கு எரிந்தது. பாத்ரூமுக்குள் பல்பு ஃபியூஸாகி மூன்று வருடம்.

“சார், நாலாவது மாடி பாத்ரூம்ல பிடிக்கம்பியைக் கொஞ்சம் மாத்தணும்.”

“ஏன், உடைஞ்சுடுச்சா?”

“இல்ல சார். உடையும்.”

“உடையட்டும், அப்புறம் பார்க்கலாம்.”

“திங்கக்கிழமை சக்கர நாற்காலியில ஒரு அம்மா வேலைக்கு வர்றாங்க சார். அவங்க பிடிச்சாக் கையோட வந்துடும்.”

“என்ன எல்போ, போட்டதே நீங்கதானே? ஆறு வருஷமா ஒரு புகார் கிடையாது.”

“யாரும் உபயோகிக்கலையே சார்.”

“அதனால என்ன? புகார் இல்லைன்னா இல்லைதானே?”

எல்போ அடுத்த தவறைச் செய்தார். “காசெல்லாம் வேணாம் சார், சும்மாவே பண்ணித் தர்றேன்” என்றார். அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சும்மா வேலை செய்கிறேன் என்று ஒரு பிளம்பர் சொல்லி அவர் இதுவரை கேட்டதில்லை. இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று முடிவு கட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு விளக்கினார்.

“பாருங்க. பாஸான பாத்ரூம்ல கை வச்சா பாஸ் செல்லாது. மறுபடி மனு, மறுபடி ஆய்வு, ஆறு மாசம். அதுவரைக்கும் கதவுல ஸ்டிக்கரை எடுக்கணும். ஸ்டிக்கர் இல்லாத கட்டடத்துல அந்த அம்மாவை வேலைக்கு வச்சா எங்க மேல கேஸ் வரும். அப்ப அவங்களை வேணாம்னுதான் சொல்லணும். அவங்க பிழைப்பைக் கெடுக்கணுமா உங்களுக்கு?”

எல்போவுக்குத் தலை சுற்றியது. கம்பி விழலாம், ஆள் விழலாம், சான்றிதழ் மட்டும் விழக் கூடாது.

“அப்ப எதுக்குத்தான் சார் அந்தச் சுவத்துல கை வைக்கலாம்?”

“தண்ணி ஒழுகினா வைக்கலாம். அது அவசரப் பழுது. அதுக்கு மனு கினு ஒண்ணும் வேணாம்” என்று சொல்லிவிட்டு அதிகாரி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்போ நன்றி சொல்லிவிட்டு நாலாவது மாடிக்குப் போனார். வராந்தாவில், பைப்புகள் ஏறி இறங்கும் குறுகிய அறைக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. அந்தப் பாத்ரூமின் சுவருக்கு மறுபக்கம் இருப்பது கம்பெனியின் பெரிய சாருடைய சொந்தப் பாத்ரூம். அதற்குப் போகும் பைப் அந்தத் தடுப்புச் சுவருக்குள்ளேதான் நுழைகிறது. ஸ்பேனரை இணைப்பில் வைத்தார். கை கூசியது. முப்பது வருடமாக ஒழுகலை நிறுத்திச் சோறு தின்ற கை. அந்தக் கையாலேயே ஒழுகலைத் தொடங்குவதா? சின்னவளின் ‘நம்ம மாமா போட்டதுதான் அக்கா’ காதில் கேட்டது. அரைச் சுற்றுத் திருகிவிட்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. போன் வரவில்லை. பத்து மணிக்கு வரவில்லை, பன்னிரண்டுக்கு வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் தான் போட்ட இணைப்பு அவ்வளவு உறுதியோ என்று ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் சனி, ஞாயிறு இரண்டு நாள்தான் மிச்சம் என்ற கணக்கு. கம்பியைத் தவிர எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டுத் தொலைத்திருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். மூன்று மணிக்கு அதிகாரியின் போன் வந்தது.

“எல்போ! எங்கய்யா இருக்கே? பெரிய சார் ரூம்ல கார்ப்பெட் மிதக்குதுய்யா!”

“அடடா. உள்சுவர் பைப்பா இருக்கும் சார். சுவத்தைப் பிரிக்கணும்.”

“பிரி!”

“பெரிய சார் பக்கம் கிரானைட் ஒட்டியிருக்கு சார். பிரிச்சா இந்தப் பக்கம்தான் பிரிக்கணும். அது பாஸான பாத்ரூமாச்சே...”

“பாஸாவது மண்ணாவது! அந்த எழவைப் பிரிய்யா முதல்ல!”

வியாழக்கிழமை ஆறு மாதம் என்று சொன்ன காரியத்துக்கு வெள்ளிக்கிழமை ஆறு விநாடியில் அனுமதி வந்தது. இடையில் நடந்தது ஒன்றுதான்: பெரிய சாரின் காலுறை நனைந்திருந்தது.

சனியும் ஞாயிறும் அலுவலகம் விடுமுறை. எல்போ முதலில் பாத்ரூமைக் காலி செய்தார். உடைந்த நாற்காலிகள் ஒன்பது, ஒரு பிளாஸ்டிக் மரம், ஐந்து பெயின்ட் டப்பா, ‘அனைவருக்கும் சம வாய்ப்பு’ என்று எழுதிச் சுருட்டி வைத்த பேனர் ஒன்று. கடைசியில் கம்பி கண்ணில் பட்டது. ஒரு முனை சுவரிலிருந்து அரை அங்குலம் வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. துடைப்பக்கட்டை மாட்டியிருப்பார்கள் என்று, ஊர் பேர் தெரியாத துப்புரவுக்காரியைத் திட்டிக்கொண்டே அதை ஒற்றை விரலால் இழுத்தார். அப்படியே கையோடு வந்துவிட்டது.

ஒழுகலை நிறுத்த அரை நிமிஷம் ஆயிற்று. பிறகு போர்டைப் பிரித்து, முக்கால் அங்குலப் பலகையைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, போர்டை மூடி, அந்தப் பலகையில் கம்பியை மாட்டினார். கம்பி ஒன்று சரியானதும் மற்றதெல்லாம் கண்ணைக் குத்த ஆரம்பித்தன. பெரிய சாரின் அறையிலிருந்து சக்கரம் வைத்த தோல் நாற்காலியை உருட்டி வந்து, அதில் உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு உள்பக்கமாகத் திறந்ததால் நாற்காலியோடு உள்ளே போனபின் சாத்த முடியவில்லை. பேசினுக்குப் போனால் அதன் கால் முழங்காலில் இடித்தது. குழாய் கைக்கு எட்டவில்லை. கண்ணாடியில் முகம் தெரியவில்லை, கூரை தெரிந்தது. எந்த மடையன் போட்டது இது என்று கத்தினார். திட்டுவதற்கு வேறு பிளம்பர் அகப்படாததால் தன்னையே திட்டிக்கொண்டார்.

கீலைக் கழற்றிக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார். பேசினின் காலை எடுத்துவிட்டு, அதைச் சுவரில் தாங்கி போட்டு மாட்டி, அடியில் போன கழிவுக் குழாயைச் சுவரோரமாகத் தள்ளினார். கண்ணாடியை ஒன்றரை அடி இறக்கினார். புது பல்பு போட்டார். ஞாயிறு மாலை எல்லாம் முடிந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கினார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கம்பி முனகக்கூட இல்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. இருபது நிமிஷத்துக்குப் பதிலாக இரண்டு நாள், வித்தியாசம் அவ்வளவுதான். அதற்கா ஒருத்தியின் மண்டையைப் பணயம் வைத்தோம் என்று நினைக்க நினைக்க ஆறவில்லை.

திங்கட்கிழமை சின்னவளைக் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவரும் கிளம்பினார். நாலாவது மாடியில் பெரிய சார், அதிகாரி, ஒரு புகைப்படக்காரர் எல்லாரும் காத்திருந்தார்கள். சின்னவளை நீல ஸ்டிக்கர் ஒட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்தி, பெரிய சார் கை குலுக்குவது போல ஏழெட்டுப் படம் எடுத்தார்கள். சுவரைப் பிரித்தது பற்றி அதிகாரி மூச்சு விடவில்லை. ஸ்டிக்கர் அப்படியே இருந்தது, சான்றிதழும் அப்படியே இருந்தது.

“போட்டோ போதுமா சார்? எனக்கு உள்ள போகணும்” என்றாள் சின்னவள். எல்லாரும் அவசரமாக வேறு திசையைப் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. எல்போ வெளியே, பைப் அறைக் கதவருகே நின்றார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்பவர் மாதிரி வியர்த்தது. சத்தமே இல்லை. பிறகு ஃபிளஷ் இறங்கியது. குழாய் திறந்து மூடியது. நாற்பத்தொரு பாத்ரூமில் முதல் தடவையாக ஒன்றை ஒரு மனுஷி உபயோகித்து முடித்தாள். தாழ்ப்பாள் திறந்தது.

“நல்லாயிருக்கு மாமா” என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே.

அந்தச் சொல்லை எல்போவால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அங்கேயே, வராந்தாவில், நாலு பிளக்கிலிருந்து கார்ப்பெட் வரை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டார்.

“தெரியும் மாமா” என்றாள் சின்னவள்.

“என்னம்மா தெரியும்?”

“இன்டர்வியூ அன்னிக்கு உள்ள போய்ப் பார்த்தேன். அந்த நாற்காலி, மரம் எல்லாத்தையும் எடுத்து வெளியில போட்டு எனக்கு வழிவிட்டாங்க, நான் வந்ததும் திரும்ப உள்ளேயே அடுக்கிட்டாங்க. முன்னப்பின்ன தெரியாத கம்பியை இழுத்துப் பார்க்காம நான் பிடிக்கறதே இல்ல. ஒரு இழுப்பு இழுத்தேன். அரை இன்ச் வெளியில வந்துடுச்சு. அடக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.”

துப்புரவுக்காரி பாவம்.

“அப்புறம் ஏம்மா, மாமா போட்டது, பயமில்லைன்னு எல்லாம்...”

“உங்களைத் திட்டியிருந்தா, பண்ணிடலாம்மான்னு சொல்லியிருப்பீங்க. அடுத்த வருஷம் நடந்திருக்கும். நம்புறேன்னு சொன்னேன், நாலு நாள்ல முடிச்சுட்டீங்க.”

“நான் பண்ணாம விட்டிருந்தா?”

“வேலைக்குப் போகலைன்னு வீட்டுலயே இருந்திருப்பேன். தினமும் உங்களுக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருப்பேன். வேற என்ன பண்றது?”

அவள் சிரிக்கவில்லை. சின்னவள் நாற்காலியைப் புகார்ப் பிரிவு பக்கம் திருப்பினாள்; திருப்பியவள் நின்றாள்.

“இது ஒண்ணு ஆச்சு. மீதி நாப்பது இருக்கே மாமா, அங்க எல்லாம் உங்களுக்கு எந்த மச்சினி வேலைக்குப் போவா?”

அவள் போய்விட்டாள். லிஃப்ட் வந்தது; எல்போ அதில் ஏறாமல் படியிலேயே நாலு மாடியும் இறங்கினார். எதிர்ச்சாரியில் ஒரு பல் ஆஸ்பத்திரி. அதன் கண்ணாடிக் கதவில் நீல ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்திருந்தது. அவருடைய பதினேழாவது பாத்ரூம். ரோட்டைக் கடந்து போய், அங்கிருந்த மானேஜரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னார்: “சார், நான் இங்க போட்ட பிடிக்கம்பி நிக்காது. யாராவது பிடிச்சா விழுந்துடுவாங்க. தப்பு என்னுதுதான். நானே என் செலவுல மாத்திடறேன்.”

மானேஜர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். “அது பாஸாயிடுச்சே எல்போ. பாஸானதுல எப்படிங்க கை வைக்கறது?”

எல்போ பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். கட்டடத்தை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

“அதுவும் சரிதான் சார். உங்க பெரிய டாக்டரோட ரூம் எந்த மாடி?”